கார் நின்ற பிறகும் போகிறவர்கள்

எங்கள் கூடத்தில் காலை வேலை முகம் எழுதுவதில்தான் தொடங்கும். அதைச் செய்கிறவரை நாங்கள் எல்லோரும் அரிதாரக்கா என்று கூப்பிடுவோம். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

கார்களை மோதவிட்டுப் பார்க்கிற இடம் அது. புதிதாக வரும் காரை நீளமான பாதையில் கம்பி வடத்தால் இழுத்துக்கொண்டுபோய், பெரிய கான்கிரீட் சுவரில் மோதவிடுவோம். உள்ளே மனிதர்களுக்குப் பதிலாகப் பொம்மைகள் உட்கார்ந்திருக்கும். எஃகு விலா எலும்பு, ரப்பர் கழுத்து, வயிறு நிறைய ஒயர். அக்கா அவற்றுக்குப் பருத்திச் சட்டை மாட்டிவிட்டு, நெற்றிக்குச் சிவப்பு, மூக்குக்கு மஞ்சள், தாடைக்குப் பச்சை, முழங்காலுக்கு நீலம் என்று பூசுவார். மோதி முடிந்த பிறகு காற்றுப்பையில் ஒட்டியிருக்கும் நிறத்தை வைத்து, முகத்தில் எந்த இடம் எங்கே பட்டது என்று சொல்லிவிடலாம். மஞ்சளும் பச்சையும் பையின் நடுவில் இருந்தால் நிம்மதி. ஸ்டியரிங்குக்குக் கீழே நீலம் அழுத்தமாகப் படிந்திருந்தால், அன்றைக்குப் பொறியாளர்கள் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அக்கா ஒரு நாடகக் குழுவில் ஒப்பனை செய்துகொண்டிருந்தார். ராஜாவுக்கும் திருடனுக்கும் ஒரே டப்பாதான். குழு கலைந்தது. நடிகர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். டப்பாக்கள் மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டன. எங்கள் இடத்துக்கு வேலை கேட்டு வந்தபோது, "பொம்மைக்கு மேக்கப் போட்டுப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். "இதுவரைக்கும் நான் போட்டதுல பாதிப் பேர் மேடையில பொம்மை மாதிரிதான் நின்னாங்க" என்றார் அக்கா. வேலை கிடைத்துவிட்டது.

பொம்மைகள் இருக்கிற அறையை எப்போதும் ஒரே குளிர்ச்சியில் வைத்திருப்போம். சூடு மாறினால் ரப்பரின் குணம் மாறிவிடும். கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி இறங்கும். அதில் பொம்மைகள் வரிசையாக, ஏதோ ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருக்கும். அக்கா அவற்றோடு பேசிக்கொண்டே வேலை செய்வார். "கொஞ்சம் நிமிருங்க... அவ்வளவுதான்... கூச்சமா இருக்கா?" நடுவில் யாராவது உள்ளே போனால், தூங்குகிறவர்களின் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரிக் குரல் தானாகத் தணிந்துவிடும்.

என் வேலை படம் பிடிப்பது. மோதல் நடந்து முடிகிற நேரம் ஒரு கண் சிமிட்டல்தான். கண்ணுக்குத் தெரிவது ஒரு சத்தமும் புழுதியும் மட்டுமே. ஆனால் என் கேமராக்கள் அந்தச் சிமிட்டலை இழுத்து நீட்டிவிடும். திரையில் போட்டால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலத் தெரியும். காரின் முன்பக்கம் காகிதம் கசங்குவதைப் போல மெல்ல மடியும். கண்ணாடித் துணுக்குகள் எழுந்து, எங்கே போவதென்று யோசிப்பதுபோல மிதக்கும். பொம்மைகள் எந்த அவசரமும் இல்லாமல் முன்னால் வரும். பெல்ட் அவற்றின் மார்பில் இறுகும். வெள்ளைப் பை ஒரு பெருமூச்சைப் போல விரிந்து, அக்கா எழுதிய முகத்தை வாங்கிக்கொண்டு, பிறகு சோர்ந்து சுருங்கும். அக்கா ஒவ்வொரு படத்தையும் வந்து பார்ப்பார். தேநீர் கையிலேயே ஆறிப்போகும்.

எங்கள் தலைமைப் பொறியாளர் ஓர் அம்மாள். வாயைத் திறந்தால் "நிதானம், நிதானம்" என்பார். அதனால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பார்வையாளர்கள் வந்தால் இந்தப் படங்களைப் போட்டு நியூட்டன் விதிகளை விளக்குவது அவருக்குப் பிடித்த வேலை.

"கார் நின்னுடுச்சு, பாருங்க. ஆனா உள்ள இருக்கறவங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரலை. அவங்க அதே வேகத்துல போய்க்கிட்டேதான் இருக்காங்க. யாராவது புடிச்சு நிறுத்துற வரைக்கும் போவாங்க. இது முதல் விதி. புடிச்சு நிறுத்துறதுக்குத்தான் பெல்ட்.

"ரெண்டாவது, எவ்வளவு நேரம் எடுத்து நிக்கிறோம்கிறது. சட்டுனு நின்னா பலமா அடிபடும். அதே வேகத்துல இருந்து கொஞ்சம் நேரம் எடுத்து நின்னா அடி குறையும். முன்பக்கம் நசுங்குறது, பெல்ட் கொஞ்சம் விட்டுக்குடுக்கிறது, பை காத்தை வெளிய விடுறது, எல்லாமே இன்னும் கொஞ்சம் நேரம் வாங்கித்தர்றதுக்குத்தான்.

"மூணாவது, நாம எதை எவ்வளவு பலமா இடிக்கிறோமோ, அதுவும் நம்மை அவ்வளவு பலமா இடிக்கும். அதுக்கு நம்ம மேல கோபமெல்லாம் கிடையாது. அதனாலதான் இடிக்கிற இடத்தையே மெத்துனு செஞ்சு வைக்கிறோம்."

அக்கா இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஆனாலும் முதல் விதி வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். "அந்தச் செய்தி போய்ச் சேராத நேரம் இருக்கு பாருங்க, அதை நெனச்சாதான் எனக்கு என்னவோ பண்ணுது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அக்காவுக்கு ஒரே மகள். அவளுக்குப் பிரசவமாகி ஆண் குழந்தை பிறந்தது. அக்கா ஊர் முழுக்க இனிப்புக் கொடுத்தார். பொம்மைகளிடமும் சொன்னார் என்று கேள்வி. கூடவே பிள்ளைக்குக் காரில் பொருத்துகிற இருக்கை ஒன்றையும் வாங்கினார். பச்சைக் குழந்தையை வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி படுக்கவைக்கிற தொட்டில் மாதிரியானது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் தகராறு. நடந்ததை அக்காவே எனக்குச் சொன்னார்.

மாப்பிள்ளை காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு இடது காது கேட்காது. சின்ன வயதுக் காய்ச்சலில் போனது என்று வீட்டில் பேச்சு. அவருடைய அம்மா, அதாவது அக்காவின் சம்பந்தி, குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடம் ஒன்றில் நூலகப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றவர். சத்தமாகப் பேசியே யாரும் கேட்டதில்லை.

"குழந்தையை இதுல படுக்க வெச்சிடலாம், சம்பந்தியம்மா" என்றார் அக்கா.

"வேண்டாங்க. நான் மடியில வெச்சுக்கறேன்."

"மடியில வேண்டாம். பத்து நிமிஷம்தான், வீடு வந்துடும்."

"பிறந்து நாலு நாள்கூட முழுசா ஆகலை. அதுக்குள்ள அதைத் தனியா, முதுகைக் காட்டிப் படுக்க வைக்கணுமா? அது யார் மேல கோவிச்சுக்கிட்டு இருக்கு?"

மகள் சிரித்துவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தலை கனம், கழுத்துல பலமில்லை. பின்னால பார்த்துப் படுத்தா, இடிக்கிற வேகத்தை முதுகு முழுக்க வாங்கிக்கும். அதுக்குத்தான்" என்றார்.

"நான் விட மாட்டேங்க" என்றார் சம்பந்தியம்மா. "எது நடந்தாலும் என் கை விடாது. இந்தத் தடவை விடாது."

அந்தக் கடைசி வார்த்தை அப்போது யார் காதிலும் ஏறவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் 'ம்' என்ற ஒற்றை எழுத்தை வைத்தே குடும்பம் நடத்துகிறவர். அவரும் அன்று எந்தப் பக்கம் 'ம்' போடுவதென்று தெரியாமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா காரின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"அப்போ வண்டி போகாது."

"அம்மா, நடுரோட்டுல நின்னு மானத்தை வாங்காதே" என்றாள் மகள்.

"நிக்கிறேன். என் மேல ஏத்திட்டுப் போங்க."

கடைசியில் சம்பந்தியம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். "நடந்து போயிடலாம்" என்றார். அப்படியே செய்தார்கள். சம்பந்தியம்மா குழந்தையை அணைத்துக்கொண்டு நடந்தார். அக்கா பக்கத்தில் குடை பிடித்தார். பின்னால் கார் ஆமை மாதிரி ஊர்ந்து வந்தது. அதில் மகளும் காலியான குழந்தை இருக்கையும். மழை தூறியது. கடைக்காரர்கள் எழுந்துவந்து பார்த்தார்கள். சலூன்காரர் சோப்பு நுரை போட்ட முகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். தெரு முழுக்க ஈரமும் வெயிலும் ஒன்றாகக் கிடந்தன. ஏதோ கனவில் ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது என்று அக்கா சொன்னார். ஆனால் ஒன்றை அவர் கவனித்திருக்கிறார். சம்பந்தியம்மாவின் விரல் நுனிகள் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தன. பஞ்சு மாதிரி ஒரு குழந்தையைப் பிடிக்க அவ்வளவு இறுக்கம் எதற்கு?

சில வாரங்கள் போயின. குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். அந்த மருத்துவமனை ஊரின் மறு கோடியில் இருந்தது. நடந்து தீராத தூரம். சம்பந்தியம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அக்கா பார்த்தார். எங்கள் இடத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். "சும்மா என் பொம்மைங்களைப் பார்க்க வாங்களேன்" என்று சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் அவரை அன்றுதான் பார்த்தேன். மெலிந்த உருவம், வெளுத்த புடவை, நூலகத்தில் நடக்கிற நடை. பொம்மைகளின் அறையில் வெகுநேரம் நின்றார். ஒரு குழந்தைப் பொம்மையின் சட்டையில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டார். பிறகு படம் பார்க்கிற அறைக்கு வந்தார்கள். நிதானம் அம்மாள் வழக்கமான படங்களைப் போட்டு, வழக்கமான மூன்று விதிகளையும் சொன்னார். குழந்தைகள் கைதட்டினார்கள். எல்லோரும் தேநீருக்குக் கலைந்த பிறகு அக்கா என்னிடம் வந்து, "தம்பி, அந்த மடியில வெச்ச படத்தைப் போடுங்க" என்றார்.

பழைய படம் அது. பின் இருக்கையில் ஒரு பெண் பொம்மை, அதன் கைகளுக்குள் ஒரு குழந்தைப் பொம்மை. கைகள் எளிதில் பிரியக் கூடாதென்று மணிக்கட்டுகளைச் சேர்த்துத் துணிப் பட்டையால் சுற்றிக் கட்டியிருந்தோம். பெண் பொம்மைக்குப் பெல்ட் உண்டு. எந்த மனுஷியும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்க முடியாது.

விளக்கை அணைத்தேன். அறையில் அக்கா, சம்பந்தியம்மா, நிதானம் அம்மாள், நான் என்று நாலே பேர்தான் இருந்தோம். கார் சத்தமில்லாமல் சுவரைத் தொட்டது. முன்பக்கம் மடியத் தொடங்கியது. பெண் பொம்மை பெல்ட்டில் சாய்ந்து நின்றுவிட்டது. குழந்தை நிற்கவில்லை. அது அந்தக் கைகளுக்குள்ளேயே முன்னால் நகர்ந்தது. துணிப் பட்டை நீண்டது, நூல் நூலாகப் பிரிந்தது. கைகள் பூ விரிவதைப் போலத் திறந்தன. குழந்தை அவற்றை விட்டு வெளியே வந்து, ஒரு பறவையின் பொறுமையோடு, முன் இருக்கைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அழகாகக்கூட இருக்கும். அதுதான் கொடுமை.

படம் முடிந்தது. 

"இன்னொரு தடவை போடுவீங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

போட்டேன்.

"இதைவிட மெதுவா போகுமா?"

போட்டேன். இந்த முறை அவர் எழுந்து திரையருகே போய்விட்டார். படத்தின் வெளிச்சம் அவர் முகத்தில் ஓடியது. அந்தக் கைகள் திறக்கிற இடம் வந்ததும், "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன்.

"இந்தக் கை... விட்டுடுச்சா?"

நிதானம் அம்மாள் பக்கத்தில் போனார். "விடலைம்மா. குழந்தை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அந்தச் சமயத்துல நாலு கிலோ குழந்தையை நிறுத்தி வைக்கிறதுன்னா, ரெண்டு மூணு சிமெண்டு மூட்டையை ஒண்ணா நெஞ்சுக்கு நேரா தாங்கிப் பிடிக்கிற மாதிரி. பலசாலியா இருந்தாலும் முடியாது."

"தூங்கிட்டிருந்திருந்தா?"

"என்னம்மா?"

"அந்தப் பொம்பளை கண் அசந்திருந்தா? முழிச்சிருந்தா புடிச்சிருப்பாளா?"

நிதானம் அம்மாளுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. அவருடைய விளக்கக் குரல் மாறிவிட்டது. "முழிச்சிருந்தாலும் இதேதான்மா நடக்கும். ஆபத்துன்னு மனசுக்கு உறைக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். இதுல கைமேல தப்பு இல்லை."

சம்பந்தியம்மா திரையைத் தொட்டபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த இருட்டில், நின்றுபோன படத்தின் வெளிச்சத்தில்தான் சம்பந்தியம்மா சொன்னார்.

"காய்ச்சல்ல போகலைங்க அவன் காது. என் மடியில இருந்து விழுந்து போச்சு. அவனுக்கு அப்போ நடக்கத் தொடங்கின வயசு. பஸ்ல முன் சீட்டு. எங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வர்றோம். வெயில், காத்து... கண்ணு சொக்கிடுச்சு. நின்னுட்டிருந்த லாரியில பஸ் போய் இடிச்சுது. நான் கம்பியில மோதி முழிச்சுப் பார்க்கறேன், மடியில பிள்ளை இல்லை. எங்கேயோ முன்னால கிடக்கிறான். காதுல ரத்தம். வீட்டுக்காரர்கிட்டகூட நான் தூங்கினேன்னு சொல்லலை. காய்ச்சல்னு அவர்தான் ஊருக்குச் சொன்னார், என்னை யாரும் பேசக் கூடாதுன்னு. அவன் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்புறப்போ எல்லாம், நீதான் விட்டே, நீதான் விட்டேன்னு..."

 அக்கா சாயம் படிந்த தன் கைக்குள் அவருடைய கையை எடுத்து வைத்துக்கொண்டார். நான் விளக்கைப் போடலாமா என்று யோசித்து, போடாமலே இருந்துவிட்டேன். அழுது முடித்த பிறகு சம்பந்தியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தார். "பாவம், இவளுக்கு யாராவது சொல்லணும்" என்று அந்தப் பெண் பொம்மையைக் காட்டினார். நாங்கள் நாலு பேரும் சிரித்துவிட்டோம். 

வீட்டுக்குப் போனதும் சம்பந்தியம்மா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். அக்கா எழுந்து போகப் பார்த்தபோது, "நீங்க இருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். மாப்பிள்ளை கேட்கும் காதைத் திருப்பிக் கடைசி வரை கேட்டார். எழுந்து ஜன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.  பிறகு திரும்பி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்.

"இதையா இத்தனை வருஷம் தூக்கிட்டுத் திரிஞ்சே?"

"உங்கிட்ட எப்படிடா சொல்லுவேன்?"

"அம்மா, உண்மையைச் சொல்லட்டா? உன் மருமக திட்ட ஆரம்பிச்சா, நான் மெதுவா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். எனக்கு அதுல லாபம்தான்."

"இருங்க, இனிமே இந்தப் பக்கம் வந்து திட்டறேன்" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். அக்காவின் வீட்டுக்காரர், 'ம்' என்று ஒரு நீளமான 'ம்' போட்டார். அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுதான் என்கிறார் அக்கா.

தடுப்பூசிக்குப் போன அன்று சம்பந்தியம்மாவே குழந்தையை இருக்கையில் படுக்க வைத்தார். பட்டையை மாட்டி, துணிக்கும் பட்டைக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினார். "பின்னால உட்கார்ந்தா பெல்ட் வேண்டாம்னு யார் சொன்னது?" என்று மருமகளை ஒரு அதட்டு அதட்டினார். அந்தக் குரலை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. முன் இருக்கையில் அக்காவும் அவசரமாகத் தன் பெல்ட்டைத் தேடினார்.

கார் கிளம்பியது. காலை வெயில் மரங்களுக்கு நடுவே வந்து வந்து போய், குழந்தையின் முகத்தில் கோடு கோடாக நகர்ந்தது. பாலத்தின் மேல் ஏறியபோது கீழே ஆறு வெள்ளித்தகடு மாதிரி அசையாமல் கிடந்தது.  சிக்னலில் மாப்பிள்ளை மெதுவாக பிரேக்கை அழுத்தினார். எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள். சேர்ந்து பின்னால் வந்தார்கள். குழந்தை விழிக்கவில்லை.

சம்பந்தியம்மாவின் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையைத் திறந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்தார். தோலை நிதானமாக உரித்து, நாரையெல்லாம் எடுத்துச் சுளை சுளையாகப் பிரித்தார். முன்னால் இருந்த அக்காவுக்கு ஒன்று, பின்னால் இருந்த மருமகளுக்கு ஒன்று. ஓட்டுகிற மகனுக்கு மட்டும் தரவில்லை. "ரோட்டைப் பாருடா, இறங்கினதும் தர்றேன்" என்றார்.

கார் முழுக்க ஆரஞ்சு வாசனை. விளக்கு பச்சைக்கு மாறியது.